அறுபத்திரண்டாயிரத்து நானூறு

செருப்போடயே வாங்க டீச்சர், பரவால்ல. நீங்க வர்றது எனக்கு அப்பவே தெரியும். அஞ்சாவது தெருவுல யாரு வீட்டுக் கதவையோ தட்டினீங்க பாருங்க, அது இங்க கேட்டுச்சு. நம்ம செம்பாறை நகர்ல அப்படித்தான். ஒரு கதவைத் தட்டினா ஊருக்கே கேக்கும். ஊருன்னா நானு. நானும் என் சம்சாரமும்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கழுத்துல தொங்குற அட்டையை எல்லாம் எடுத்துக் காட்ட வேணாம், நான் நம்பறேன். மக்கள்தொகை எடுக்கிறவங்களைத் தவிர வேற யாரு இந்த வெயில்ல இங்க வரப்போறா? போன வருஷம் ஒரு திருடன் வந்தான். இத்தனை மாடி வீடு இருக்கே, ஜனம் இருக்கும், நகை இருக்கும்னு கணிச்சிருக்கான் பாவம். வரிசையா ஏழெட்டுப் பூட்டை உடைச்சுப் பாத்துட்டு, கடைசியில எங்க வீட்டு வாசக் குழாயில தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டான்.

எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேக்கறீங்க. ரெண்டு பேர். அருணகிரி, வயசு எழுபத்தொண்ணு, ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. சுலோச்சனா, வயசு அறுபத்தாறு, வீட்டுல இருக்காங்க. போட்டுக்கங்க.

அவங்க எங்கன்னா, வெளியில போயிருக்கா. வந்துருவா.

என்ன டீச்சர், போன்ல தட்டாம கொடியைப் பாக்கறீங்க? ஒத்தை வேட்டிதான் காயுது, பொம்பளைத் துணி எங்கன்னா? அவ வெளியில காயப்போட மாட்டா. அந்தக் காலத்து மனுஷி. சரி, முதல்ல மோர் குடிங்க. உங்க பஸ்சு ரெண்டரைக்குத்தான். அதுவரைக்கும் ஸ்டாப்புல போயி நிக்கவும் முடியாது, கூரை இன்னும் போடல. மூணாம் கட்டத்துல போடுவாங்க.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நீங்க இன்னைக்கு எண்ணிக்கிட்டு இருக்கீங்களே இந்த ஊரு, இதை நான் இருபத்தி மூணு வருஷத்துக்கு முன்னாடியே எண்ணிட்டேன்.

சிரிக்காதீங்க. என் உத்தியோகமே அதான். மண்டலத் திட்ட ஆபீஸ்ல ஜனத்தொகைப் பிரிவுக்கு நான்தான் தலை. இன்ன ஊர்ல, இன்ன வருஷத்துல இத்தனை பேர் இருப்பாங்க, அதுல இத்தனை பேர் வேலைக்குப் போவாங்க, அவங்களுக்கு இத்தனை வீடு வேணும், இத்தனை பள்ளிக்கூடம் வேணும்னு முன்கூட்டியே சொல்லணும். நீங்க எண்ணுறது இருக்கிறவங்களை. அது யாரு வேணா எண்ணலாம். தப்பா நினைக்காதீங்க, உங்க வேலையைக் குறைச்சுச் சொல்லல. இல்லாதவங்களை எண்ணுறது இருக்கே, அதுக்குத்தான் படிப்பு வேணும்.

விஷயம் என்னன்னா, திருச்சியில நெரிசல் ஜாஸ்தியாயிடுச்சு, முப்பது கிலோமீட்டர் தள்ளி இந்தப் பொட்டல்ல ஒரு துணைநகரம் கொண்டு வரணும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. கடன் குடுக்கிற பேங்க்காரன் மூணு கேள்வி கேட்டான். இருபது வருஷம் கழிச்சு அங்க எத்தனை பேர் இருப்பாங்க, எத்தனை வேலை இருக்கும், எத்தனை வீடு இருக்கும். மூணுக்கும் எங்க ஆபீஸ்ல மூணு பிரிவு. ஜனத்தொகை நான். வேலைவாய்ப்பு யாகூப். வீட்டு வசதி லூர்துசாமி. அடுத்தடுத்த ரூம்தான், நடுவுல வெறும் பலகைத் தடுப்பு. லூர்துசாமி தும்மினா யாகூப் மூக்கைத் துடைச்சுக்குவார்.

இப்ப பாருங்க. ஒரு ஊருக்கு எத்தனை பேர் வருவாங்கங்கறது அங்க எத்தனை வேலை இருக்குங்கறதைப் பொறுத்தது. அதனால நான் முறைப்படி யாகூப்புக்குக் குறிப்பு அனுப்பினேன், உங்க எண்ணிக்கை வந்தாத்தான் நான் என் எண்ணிக்கை தர முடியும்னு. யாகூப் என்ன எழுதினார்னா, ஆள் குடியிருக்க வீடு இருந்தாத்தானே கம்பெனி வரும், லூர்துசாமி முதல்ல சொல்லட்டும். லூர்துசாமி என்ன எழுதினார்னா, எத்தனை பேருன்னே தெரியாம எத்தனை வீடுன்னு நான் எப்படிச் சொல்றது, ஜனத்தொகைப் பிரிவு சொல்லட்டும். குறிப்பு சுத்திக்கிட்டு என் மேஜைக்கே வந்துச்சு. மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்துச்சு. மூணு மாசம் நவக்கிரகம் சுத்தின மாதிரி சுத்துச்சு. இத்தனைக்கும் நாங்க மூணு பேரும் தினம் ஒரே கடையில ஒண்ணாத்தான் டீ குடிப்போம். ஆனா டீக்கடையில ஆபீஸ் விஷயம் பேசறதில்லைன்னு ஒரு கொள்கை.

கடைசியில டைரக்டர் கூப்பிட்டு விட்டார். "யோவ் அருணகிரி, பக்கத்து மண்டலத்துல அவங்க துணைநகரத்துக்கு அறுபதாயிரம் போட்டு அனுப்பிட்டாங்களாம்ய்யா. நாம அதுக்குக் கீழ போனா நல்லாவா இருக்கும்?" அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு மேல சொல்லவும் மாட்டார், பெரிய மனுஷன். எனக்குப் புரிஞ்சு போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே உக்காந்து அறுபத்திரண்டாயிரத்து நானூறுன்னு போட்டேன்.

அந்த நானூறு எதுக்குன்னு கேளுங்க. வெறும் அறுபத்திரண்டாயிரம்னு எழுதினா குத்துமதிப்பா சொல்றான்னு நினைப்பாங்க. ஒரு நானூறைச் சேத்துப் பாருங்க, ராப்பகலா உக்காந்து கணக்குப் போட்டிருக்கான்யான்னு மரியாதை வந்துரும். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க.

அப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. மூணுல ஒருத்தர் வேலைக்குப் போவாங்கன்னு யாகூப் அதை மூணால வகுத்தார். இருபதாயிரத்து எண்ணூறு வேலை. வீட்டுக்கு நாலு பேருன்னு லூர்துசாமி நாலால வகுத்தார். பதினஞ்சாயிரத்து அறுநூறு வீடு. சரிபாக்கணும் இல்லையா, கண்ணை மூடிக்கிட்டு அனுப்பறவங்க இல்ல நாங்க. யாகூப்போட வேலையை எடுத்து மூணால பெருக்கினேன். லூர்துசாமியோட வீட்டை எடுத்து நாலால பெருக்கினேன். ரெண்டும் அச்சா அறுபத்திரண்டாயிரத்து நானூறு. ஒரு ஆள் கூடல, ஒரு ஆள் குறையல. பேங்க்காரன் அசந்து போயிட்டான். மூணு பிரிவு கணிச்ச கணிப்பு இப்படி ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போறதை அவன் எந்த நாட்டுலயும் பாத்ததில்லையாம். எனக்கு மாலை எல்லாம் போட்டாங்க.

பாத்து டீச்சர், மோர் புரையேறுது. மெதுவா குடிங்க. நீங்க ஸ்கூல்ல என்ன பாடம் எடுக்கறீங்க? கணக்கா? அப்ப உங்களுக்கு இதோட அருமை தெரியும்.

எத்தனை பேர் வந்தாங்கன்னு கேக்கறீங்க. அப்படி எடுத்த எடுப்புல கேக்கக் கூடாது. வீடு என்ன ஆச்சுன்னு முதல்ல கேளுங்க. ரெண்டு கட்டம் கட்டி முடிச்சாங்க, ஒரு வீடு பாக்கியில்லாம வித்துப்போச்சு. துபாய்ல இருக்கிறவர் வாங்கினார், சிங்கப்பூர்ல இருக்கிறவர் வாங்கினார், பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்னு சென்னையில இருந்து ஒருத்தர் மூணு வாங்கினார். வாங்கினாங்க, பால் காய்ச்சினாங்க, பூட்டிட்டுப் போயிட்டாங்க. லூர்துசாமி இன்னைக்கும் போன்ல சொல்லிக் காட்டுவார், "என் எண்ணிக்கை பலிச்சுதுப்பா, உன்னுதுதான் காலை வாரிடுச்சு"ன்னு. அடுத்தது வேலைக் கணக்குக்கு வாங்க. ஒரு பெரிய ஃபேக்டரி வந்துச்சு, இல்லைன்னு சொல்ல முடியாது. அதுல பாதி வேலையை மெஷினே பாத்துக்குது. மீதிக்கு வடக்க இருந்து பசங்களைக் கூட்டிட்டு வந்து காம்பவுண்டுக்குள்ளயே தங்க வச்சுக்கிட்டாங்க. பொழுது சாய்ஞ்சா கேட்டைப் பூட்டிருவாங்க.

ஆக ஃபேக்டரி இருக்கு, வீடு இருக்கு. நடுவுல இந்த ஜனம் ஒண்ணுதான் வரல. தப்பு எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. கணக்குலயா? வர வேண்டியவங்க வராம போனா அதுக்குக் கணக்கு என்ன பண்ணும்? ஜனங்க சரியில்ல டீச்சர். இலக்கு வருஷம் தாண்டி மூணு வருஷமாச்சு, ஒத்துக்கறேன். அது தாமதம். தப்புன்னு சொல்லக் கூடாது.

யாகூப்பும் லூர்துசாமியும் ரிட்டையர் ஆனதும் ஒருத்தர் தில்லைநகர்லயும் ஒருத்தர் கே.கே. நகர்லயும் வீட்டைக் கட்டிக்கிட்டாங்க. நான் மட்டும்தான் இங்க வந்தேன். பின்ன, கணிச்சவனே வரலைன்னா வேற யாரு வருவா? நல்ல கார்னர் மனை. எதுத்தாப்ல வணிக வளாகம், வலது கைப்பக்கம் மேல்நிலைப் பள்ளி, அந்தக் கோடியில மகப்பேறு மருத்துவமனை. போர்டு எல்லாம் பாத்திருப்பீங்களே. எனக்கு அந்தப் போர்டைப் பாத்தாலே கட்டடம் தெரியும். வருஷத்துக்கு ஆயிரம் பிரசவத்துக்குக் குறையாதுன்னு போட்டிருக்கேன். இதுவரைக்கும் அந்த இடத்துல ஒரு ஆடுதான் குட்டி போட்டிருக்கு. அது வேற கதை, வரேன்.

சுலோச்சனாவுக்கு இங்க வர இஷ்டமே இல்ல. உறையூர்ல பொறந்து அங்கயே வளந்தவ. அந்தச் சந்துல ஒரு வீட்டுல மீன் வறுத்தா நாலு வீட்டுல இருந்து என்ன மீனுன்னு கேப்பாங்க. அந்தப் பழக்கம். வந்த ஒரு வாரத்துலயே, "பேச்சுத்துணைக்கு ஆளு இல்லீங்களே"ன்னா. நான் கோவப்படல. ரிப்போர்ட்டை எடுத்து விரிச்சு, வயசு வாரியான அட்டவணையைக் காட்டினேன். மூணாம் கட்டம் முடியும்போது இந்த வட்டாரத்துல மட்டும் நாப்பது வயசுக்கு மேற்பட்ட பொம்பளைங்க ரெண்டாயிரத்து நூறு பேர் இருப்பாங்க. "உனக்கு எத்தனை பேர் வேணும், சொல்லு"ன்னு கேட்டேன்.

"ஒருத்தி போதும்"னா.

ஒருத்தியை எப்படி டீச்சர் கணிக்கிறது? ஆயிரக்கணக்குல கேட்டா சொல்லலாம். ஒருத்தி வருவாளா மாட்டாளான்னு சொல்றதுக்கு ஜோசியம்தான் பாக்கணும்.

ஆனா பொறுமைசாலி. வருஷக்கணக்கா இருந்தா. வெள்ளிக்கிழமை ஆனா வழிபாட்டுத் தலத்துக்குன்னு ஒதுக்கின மனையில போயி ஒரு அகல் விளக்கு ஏத்தி வச்சுட்டு வருவா. சாமி இன்னும் வரல, அதனால என்ன. கடன் வேணுமான்னு போன்ல ஒரு பொண்ணு கேக்கும் பாருங்க, எல்லாருக்கும் வருமே, அந்தப் பொண்ணுகிட்ட முக்கா மணி நேரம் பேசுவா. ஊரு என்ன, கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, மதியம் என்ன சாப்பிட்டேன்னு கேட்டுக் கேட்டு அதுக்கு மாப்பிள்ளை பாக்குற அளவுக்குப் போயிடுச்சு. கடைசியில அந்தப் பொண்ணே, "ஆன்ட்டி, என்னைத் திட்டுவாங்க, வச்சுரவா"ன்னு அழாத குறையா கேட்டுச்சாம்.

அப்புறம்தான் இந்தப் பொன்னாயி வந்தா. அந்த ஆட்டுக்காரி.

இந்த நகர் வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு சின்னக் குடியிருப்பு இருந்துச்சு டீச்சர். ஒரு நாப்பது பேரு, ஆடு அதை விட ஜாஸ்தி. ரிப்போர்ட்டுல 'தற்போதைய மக்கள்தொகை'ன்னு ஒரு கட்டம் உண்டு. அதைக் கிட்ட இருக்கிற நூறுக்கு முழுமையாக்கி எழுதணும். நாப்பதை நூறுக்கு முழுமையாக்கினா என்ன வரும், நீங்களே கணக்கு டீச்சர். அதான் சைபர்னு எழுதினேன். நானா இஷ்டத்துக்கு எழுதல, விதிமுறை. நிலத்தை எடுத்தப்ப அவங்களைத் தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வச்சாங்க, திட்ட எல்லைக்கு வெளியில. அந்த ஜனங்களுக்கு எல்லை தெரியுது. ஆட்டுக்குத் தெரியலையே.

பொன்னாயி தினம் ஆட்டை ஓட்டிக்கிட்டு எங்க கொல்லைப்பக்கம் வந்துருவா. அது பூங்காவுக்கு ஒதுக்கின இடம், புல்லு நல்லா வரும். சுலோச்சனா காம்பவுண்டுச் சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்னுக்குவா, அவ அந்தப் பக்கம் தொரட்டியை ஊணிக்கிட்டு நிப்பா. என்னதான் பேசுவாங்களோ. எந்த ஆட்டுக்கு வயித்தால போகுது, எந்த மருமகளுக்கு வாய் நீளம், நகர்ல யாரோ வந்து வீட்டைத் திறந்தாங்களாமே, எதுக்கு வந்தாங்க. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு, இவ வயசுக்கு. எனக்குச் சாப்பாடு ஒரு நாளும் நேரத்துக்கு வராது. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த நாள்ல குழம்பு நல்லா இருக்கும். ஏன்னு தெரியல.

எனக்குப் பொன்னாயி மேல ஒரு கோவமும் கிடையாது. ஆனா அது பூங்கா டீச்சர். எட்டாயிரம் குழந்தைங்க விளையாட வேண்டிய இடம். இன்னைக்கு ஆட்டை விட்டா நாளைக்கு அதுங்க எங்க விளையாடும்? அதனால நகர் நலச்சங்கத்துல வச்சேன். சங்கம் இருக்கு, என்ன அப்படிப் பாக்கறீங்க. தலைவர் நான், செயலாளர் நான், பொருளாளர் சுலோச்சனா. முறைப்படி கூட்டம் போட்டு, பூங்காவுக்கு வேலி போடணும்னு தீர்மானத்தை வாசிச்சேன். பொருளாளர் எதுத்து ஓட்டுப் போட்டா. இந்த ஹால்ல, அந்த ஆடுற நாற்காலியில உக்காந்துக்கிட்டு கையைத் தூக்கறா. ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிடுச்சு. நல்லவேளை, சம ஓட்டு வந்தா தலைவருக்குக் கூடுதல் ஓட்டு உண்டு. தீர்மானம் நிறைவேறிடுச்சு.

மனு எழுதினேன். என் மனு எப்படி இருக்கும்னு ஆபீஸ்ல தெரியும். பன்னண்டு வருஷமா இந்த நகருக்கு என்னென்னமோ கேட்டேன், டாக்டர் கேட்டேன், கடை கேட்டேன், இன்னொரு பஸ் கேட்டேன். கேட்டு நடந்தது இந்த ஒண்ணுதான். லாரியில வந்து முள்கம்பி போட்டாங்க. போர்டும் வச்சாங்க, குழந்தைகள் பூங்கா, கால்நடைகள் நுழையக் கூடாதுன்னு. பொன்னாயி ரெண்டு நாள் வேலிக்கு வெளியில வந்து நின்னு பாத்தா. அப்புறம் வரல.

அதுக்கப்புறம் வீடு ஒழுங்காயிடுச்சு. டாண்ணு பன்னண்டரைக்கு இலை போட்டுருவா. "பாத்தியா, எவ்வளவு நிம்மதியா இருக்கு"ன்னு நானே சொன்னேன். ஸ்டூல் மட்டும் அந்தச் சுவத்தோரமா அப்படியே கிடந்துச்சு. ஒரு நாள் காலையில பாத்தா பையைத் தூக்கிட்டு நிக்கறா. உறையூர்ல மக வீட்டுக்குப் போறாளாம். எப்ப வருவேன்னு கேட்டேன். "உங்க மூணாம் கட்டம் வந்ததும் சொல்லி அனுப்புங்க, வரேன்"னுட்டு ஏழு மணி பஸ்சுல ஏறிட்டா.

எதனால போனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல டீச்சர். உக்காந்து காரணங்களை எழுதிக்கூடப் பாத்தேன். வெயில், மூட்டு வலி, டிவியில சேனல் சரியா வராதது. எதுவும் பொருந்தல. இதெல்லாம் முன்னாடியும்தான் இருந்துச்சு. புதுசா என்ன நடந்துச்சு, சொல்லுங்க. ஒண்ணும் நடக்கல.

எப்ப போனாங்கன்னு கேக்கறீங்க. ஆடியில. இப்ப மாசி, சரி. அதுக்கென்ன, ஆடிக்குப் பொறந்த ஊருக்குப் போறது நம்ம வழக்கம்தானே. புதுப்பொண்ணுதான் போகணும்னு சட்டமா?

ஆறு மாசத்துக்கு மேல எங்க இருக்காங்களோ அங்கதான் எழுதணும்ங்கறீங்க. விதி எனக்கும் தெரியும், விதியை எழுதினவங்களோடயே வேலை பாத்தவன் நான். ஆனா இப்படிப் பாருங்க. அவ பேரு இங்க இருக்கணும் டீச்சர். ஒண்ணுன்னு எழுதிட்டீங்கன்னா நான் தனி ஆளுன்னு ஆயிடும். எனக்கு அதை நினைச்சாலே பயமா இருக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். ரெண்டுன்னு போட்டுட்டா அவ வந்துருவா. எழுதினது நடக்கும். அந்த நம்பிக்கையிலதானே முப்பத்தி நாலு வருஷம் வேலை பாத்தேன். ஒரே ஒரு ஆளு. அறுபதாயிரத்துல ஒரு ஆளைக் கூட்டிப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?

அவங்களையே கேக்கணுமா? கேப்போமே. அதுல என்ன இருக்கு. தினம் பேசறவங்கதான். அவளுக்குத்தான் அங்க பேச நேரம் இருக்கிறதில்ல. இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க.

சுலோ, நான்தான். சாப்பிட்டேன். சாப்பிட்டேங்கறேன்ல. தயிர் சாதம். எதுக்கு அங்க இவ்வளவு சத்தம்? யாரு வளைகாப்பு? சரி, அது கிடக்கட்டும், இங்க மக்கள்தொகை எடுக்கிற டீச்சர் வந்திருக்காங்க. நீ எங்க வசிக்கிறேன்னு உன் வாயாலயே அவங்ககிட்ட சொல்லிரு. செம்பாறைன்னு சொல்லு.

என்ன? போன வாரமே வந்துட்டாங்களா? எழுதிட்டாங்களா? நீ எதுக்கு... சரி, உன்னைத்தானே எழுதினாங்க.

ரெண்டு பேருன்னா? எந்த ரெண்டு பேரு?

கேட்டீங்களா டீச்சர், என்னைய அங்க எழுதியிருக்கா. அருணகிரி, எழுபத்தொண்ணு, ஓய்வு பெற்ற அதிகாரின்னு முழுசா சொல்லியிருக்கா. நான் இங்க உயிரோட உக்காந்துக்கிட்டு இருக்கேன், உறையூர்ல என்னை எண்ணி முடிச்சுட்டாங்க. ஏய், நான் அங்க இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னது? "எப்படியும் வந்துருவாரு"ன்னு நீயா சொன்னா ஆச்சா? நான் எப்ப சொன்னேன் வர்றேன்னு? கட்டில் வாங்கிப் போட்டாச்சா? ஜன்னல் பக்கமா? எனக்கு ஜன்னல் பக்கம் ஆகாதுன்னு... சரி, சரி. வேற பக்கம் மாத்தியாச்சா.

வச்சுட்டா. எதிர்வீட்டுல கூப்பிடறாங்களாம், வளையல் அடுக்க.

அநியாயத்தைப் பாத்தீங்களா டீச்சர். ஒரு ஆள் ஒரு இடத்துக்கு வரவே இல்ல, வருவான்னு சொல்லி எழுதி வச்சுட்டா அது எண்ணிக்கையா? இதுக்கு என்ன அடிப்படை? என்ன ஆதாரம்? யாரு சரிபாத்தாங்க? மனசுல ஆசைப்பட்டதை எல்லாம் கொண்டுவந்து அரசாங்கக் கணக்குல ஏத்தறதா? இப்படி ஆளாளுக்கு எழுதினா நாடு என்னத்துக்கு ஆகும்?

சரி, நீங்க என்னை இங்க எழுதுங்க. என்ன, முடியாதா? அங்க எழுதியிருந்தா இங்க எழுதக் கூடாதா? அது ஒரு ஆள் ரெண்டு தடவை ஆயிடும், ஆமா, அது தப்புதான். அப்ப இந்த வீட்டுக்கு நேரா என்ன போடுவீங்க?

பூட்டிய வீடுன்னா எப்படி டீச்சர், நான் உள்ள உக்காந்திருக்கேனே.

மணி என்ன? ரெண்டு ஆயிடுச்சா. இருங்க, நானும் உங்களோட பஸ்சுக்கு வரேன். உறையூருக்குத்தான். வேற எதுக்கு, அந்தத் தப்பைத் திருத்தத்தான். அங்க எழுதினவங்க யாருன்னு விசாரிச்சு, நேர்ல பாத்து, எழுத்து மூலமா குடுக்கணும். போனோம் வந்தோம்னு ஆகிற காரியமா இது? ஒரு தடவை ஏறின எண்ணிக்கையை இறக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா, நானே எத்தனை பேரை இழுத்தடிச்சிருக்கேன். அதனால மாத்திரை டப்பாவை எடுத்துக்கறேன். வேட்டி ஒரு நாலு. தலைகாணியும் எடுத்துக்கறேன், மக வீட்டுத் தலைகாணி எனக்கு உசரம் ஜாஸ்தி. அந்தத் தயிரைக் கொட்டிட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் கவுத்து வச்சுருங்க டீச்சர், இருந்தா புளிச்சுப் போயிடும். மோட்டார் சுவிட்சை அணைச்சாச்சு. கதவுக்குப் பக்கத்துல மெயின் இருக்கு பாருங்க, அதையும் இறக்கிருங்க.

எப்ப திரும்பி வருவீங்கன்னா? அதெல்லாம் முன்கூட்டியே எப்படி டீச்சர் சொல்ல முடியும்.